நிதியுதவிக் கோப்பில் தவறு இருந்தால் எங்கே தேடுவது, யாருக்கு எழுதுவது?

அமெரிக்காவில் ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு படிக்கும் மாணவியின் தாய் கேட்டிருக்கும் கேள்வியின் சாரம் இது: சென்ற கல்வியாண்டில் கிடைத்த பெல் மானியம் (குறைந்த வருமானக் குடும்பத்து மாணவர்களுக்குக் கூட்டாட்சி அரசு தரும், திருப்பிச் செலுத்த வேண்டாத உதவி) 2025-26க்கு இல்லை என்று வந்துவிட்டது, குடும்ப வருமானம் ஏறவில்லை, 2023இல் கணவர் வேலை மாறியது ஒன்றுதான் மாற்றம், கேட்ட வரி ஆவணத்தைத் திரும்பத் திரும்பப் பதிவேற்றியும் போர்ட்டலில் ‘ஆவணம் தேவை’ என்றே நிற்கிறது, தொலைபேசியில் ஆளுக்கொரு பதில் சொல்கிறார்கள், கட்டணக் கெடு நெருங்கிவிட்டது, இது எங்கள் தவறா, அலுவலகத்தின் தவறா, யாரிடம் புகார் செய்வது? தவறு யாருடையது என்று கேட்டிருந்தாலும், இவருக்கு இப்போது தெரிய வேண்டியவை இரண்டு என்று நினைக்கிறேன்: தவறான எண் எந்த அலுவலகத்தின் பதிவில் இருக்கிறது, அதைத் திருத்தும் அதிகாரம் யார் கையில் இருக்கிறது. ஒரு கல்லூரி நிதியுதவி அலுவலகத்தில் சரிபார்ப்புக் கோப்புகளை (விண்ணப்பத்தில் சொன்னதை ஆவணங்களோடு ஒப்பிட்டுப் பார்க்க ஒதுக்கியவை) பல ஆண்டுகள் பார்த்து வந்த அனுபவத்தை வைத்து எழுதுகிறேன். உங்கள் மகளின் கோப்பு என் முன்னால் இல்லை என்பதால், விதி என்ன சொல்கிறது என்பதையும் நான் ஊகிப்பது எது என்பதையும் கலக்காமல் சொல்ல முயல்கிறேன்.

எல்லாவற்றுக்கும் முன்னால் கட்டணக் கெடுவைக் கவனியுங்கள். நிதியுதவி அலுவலகமும் கட்டணம் வசூலிக்கும் அலுவலகமும் ஒரே கட்டடத்தில் அடுத்தடுத்த கதவுகளாக இருந்தாலும், ஒன்றின் தாமதம் மற்றொன்றின் கணினிக்குத் தானாகத் தெரியாது. கோப்பு சரிபார்ப்பில் கிடக்கிறது என்பதற்காகக் கெடு தள்ளிப்போகாது. பல கல்லூரிகளில் பணம் வராத மாணவரின் வகுப்புப் பதிவு தானாகவே நீக்கப்படும். ஆகவே இன்றே கட்டண அலுவலகத்துக்கு மின்னஞ்சல் எழுதி, நிதியுதவி நிலுவையில் இருப்பதைக் கணக்கில் குறிக்கவும், கெடுவை நீட்டிக்கவும், முடியாவிட்டால் தவணை முறையில் சேர்க்கவும் கேளுங்கள். இதை எந்தக் கூட்டாட்சி விதியும் கட்டாயமாக்கவில்லை, கல்லூரிக்குக் கல்லூரி நடைமுறை மாறும். ஆனால் கெடுவுக்கு முன்னால் எழுத்தில் கேட்டவர்களுக்கு இது பெரும்பாலும் கிடைத்ததைப் பார்த்திருக்கிறேன், கெடு கழிந்த பின் கேட்டவர்களுக்கு அவ்வளவு எளிதாகக் கிடைத்ததில்லை. இன்னொன்றையும் கேட்டுப் பார்க்கலாம்: வட்டி மானியம் இல்லாத (படிக்கும் காலத்திலும் வட்டி ஏறும்) நேரடிக் கடனுக்கு, அதாவது கூட்டாட்சி அரசு மாணவருக்குத் தரும் கடனுக்கு, கூட்டாட்சிச் சரிபார்ப்பு விதி பொருந்தாது. பெற்றோரைச் சார்ந்த இரண்டாம் ஆண்டு மாணவருக்கு நேரடிக் கடனின் ஆண்டு உச்சவரம்பு 6,500 டாலர். அதில் வட்டி மானியம் உள்ள பகுதி 4,500 டாலருக்கு மேல் போகாது. வட்டி மானியம் இல்லாத பகுதியை மட்டுமாவது முன்கூட்டியே விடுவிப்பார்களா என்பது அந்தக் கல்லூரியின் கொள்கையைப் பொறுத்தது.

இனி அந்தத் தவறான எண்ணைத் தேடுவோம். ஒரு மாணவரின் நிதியுதவி பல கைகளைக் கடந்து வருகிறது. குடும்பம் ஃபாஃப்சா என்ற கூட்டாட்சி நிதியுதவி விண்ணப்பத்தை நிரப்புகிறது. பெற்றோரின் வரி விவரம் அவர்களின் ஒப்புதலோடு ஐ.ஆர்.எஸ். என்ற வருமான வரித் துறையிலிருந்து நேராக வந்து சேர்கிறது. கூட்டாட்சிக் கல்வித் துறையின் கணினி, குடும்பத்தின் நிதி வசதியைக் காட்டும் எஸ்.ஏ.ஐ. என்ற குறியீட்டெண்ணை (அது ஏறினால் உதவி குறையும்) கணக்கிட்டுக் கல்லூரிக்கு அனுப்புகிறது. கல்லூரியின் பதிவாளர், மாணவர் எத்தனை கிரெடிட் (பாடத்தின் அளவைக் குறிக்கும் அலகு) பாடம் எடுத்திருக்கிறார் என்று சொல்கிறார். கடைசியில்தான் நிதியுதவி அலுவலகம் தொகையை நிர்ணயிக்கிறது. நீங்கள் பேசுவது இந்தக் கடைசிக் கையோடு. பிழை அதற்கு முன்னால் எங்கேயும் நுழைந்திருக்கலாம். மேலிடத்திலும் தவறு நடக்கும் என்பதற்கு அண்மைக்காலச் சான்றே உண்டு. 2024-25க்கான புதிய ஃபாஃப்சா வழக்கமான அக்டோபரில் வராமல் 2023 டிசம்பர் இறுதியில்தான் திறந்தது. 2024 மார்ச் மாதம், சொத்து விவரம் தந்திருந்த சில மாணவர்களின் எஸ்.ஏ.ஐ. தவறாகக் கணக்கிடப்பட்டுக் கல்லூரிகளுக்குப் போய்விட்டதாகக் கல்வித் துறையே ஒப்புக்கொண்டது. எனவே கல்வித் துறையின் ஸ்டூடன்ட்எய்டு இணையதளத்தில் உங்கள் மகள் தம் கணக்கில் நுழைந்து, விண்ணப்பத்தின் சுருக்க அறிக்கையை இறக்கி, சென்ற ஆண்டு அறிக்கையையும் பக்கத்தில் வைத்து வரிவரியாக ஒப்பிடட்டும். ஒரு மணி நேரம் பிடிக்கும் வேலைதான். ஒரு வாரத் தொலைபேசி அலைச்சலில் கிடைக்காத விடை அதில் கிடைக்கக்கூடும்.

உங்கள் விஷயத்தில் என் சந்தேகம் ‘கணவர் வேலை மாறினார்’ என்ற அந்த ஒற்றை வரியின் மேல்தான். வேலை மாறுகிறவர்கள் பழைய நிறுவனத்தின் 401(கே) ஓய்வூதியச் சேமிப்பைப் புதிய கணக்குக்கு மாற்றுவது வழக்கம். அதற்கு வரி இல்லை. ஆனால் வரிப் படிவம் 1040இல் அது பதிவாகும். எடுத்துக்காட்டாக 48,000 டாலர் மாற்றப்பட்டிருந்தால் 5ஏ வரியில் 48,000 என்றும், வரிக்குரிய தொகையைக் காட்டும் 5பி வரியில் சுழியம் என்றும் இருக்கும். பக்கத்தில் ‘ரோல்ஓவர்’ (கணக்கு மாற்றம்) என்று குறித்திருப்பார்கள். ஃபாஃப்சா கணக்கில் 5ஏயிலிருந்து 5பியைக் கழித்து வரும் தொகை வரி விதிக்கப்படாத வருமானமாக எடுத்துக்கொள்ளப்படுகிறது. அதில் எவ்வளவு ரோல்ஓவர் என்று விண்ணப்பம் தனியாக ஒரு கேள்வி கேட்கும். வரி விவரம் எல்லாம் ஐ.ஆர்.எஸ்.ஸிலிருந்து தானாகவே வந்துவிட்டது என்ற நிம்மதியில் அந்தக் கட்டத்தைப் பலர் வெறுமையாக விட்டுவிடுகிறார்கள். விட்டால், கையில் ஒரு டாலர்கூட வராத 48,000 டாலர் அந்த ஆண்டு வருமானத்தோடு சேர்ந்துகொள்ளும், எஸ்.ஏ.ஐ. எகிறும், பெல் மானியம் மறையும். உங்கள் வீட்டில் இதுதான் நடந்தது என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. ஆனால் 2025-26 விண்ணப்பம் 2023ஆம் ஆண்டு வரிக் கணக்கைத்தான் பயன்படுத்துகிறது, அவர் வேலை மாறியதும் 2023இல்தான் என்பதால், நான் முதலில் பார்க்கும் இடம் இதுவாகத்தான் இருக்கும்.

அப்படியே இருந்தால் திருத்துவது கடினமல்ல. ஐ.ஆர்.எஸ். அனுப்பிய எண்களில் நீங்கள் கை வைக்க முடியாது. ரோல்ஓவர் தொகை என்பது பெற்றோர் தாமே நிரப்பும் விவரம் என்பதால் அதைத் திருத்தலாம். விண்ணப்பத்தில் பெற்றோர் பகுதியை நிரப்பியவர், நீங்களோ கணவரோ, தம் சொந்தக் கணக்கின் வழியாக நுழைந்து அந்தத் தொகையைக் குறித்து மீண்டும் கையொப்பமிட வேண்டும். அல்லது ஆவணத்தைப் பெற்றுக்கொண்டு கல்லூரியே திருத்தத்தை அனுப்பலாம். இரண்டில் எது என்று முதலில் அலுவலகத்தைக் கேட்டுவிடுங்கள். கோப்பு ஏற்கெனவே சரிபார்ப்பில் இருக்கும்போது நீங்கள் ஒரு திருத்தமும் அவர்கள் ஒரு திருத்தமும் அனுப்பினால், ஒரே விண்ணப்பத்துக்கு அடுத்தடுத்த பதிப்புகள் உருவாகி, எது செல்லும் என்று பார்க்கவே மேலும் சில நாட்கள் போகும். ஆதாரமாக, சேமிப்பை நிர்வகித்த நிறுவனம் அனுப்பிய 1099-ஆர் படிவம் போதும். நேரடி ரோல்ஓவர் என்றால் அதன் 7ஆம் கட்டத்தில் ‘ஜி’ என்ற குறியீடு இருக்கும். அந்தத் தாளைத் தேடி எடுத்து வையுங்கள்.

அடுத்தது, பதிவேற்றியும் ‘தேவை’ என்றே நிற்கும் ஆவணம். இங்கே நான் சொல்வது பெரும்பாலும் அனுபவத்திலிருந்து வரும் ஊகம். போர்ட்டலில் ஒரு கோப்பு ஏறுவது ஒரு நிலை, அலுவலகத்தில் ஒருவர் அதைத் திறந்து பார்ப்பது வேறு நிலை, பார்த்து ஏற்றுக்கொள்வது மூன்றாவது நிலை. பார்த்துவிட்டுப் பொருந்தாது என்று ஒதுக்கும்போது பல மென்பொருள்களில் காரணம் மாணவரின் திரையில் வருவதில்லை, பழையபடி ‘தேவை’ என்று மாறிவிடும். நான் ஒதுக்கிய ஆவணங்களில் மிகப் பெரும்பாலானவை தவறான ஆண்டுக்குரியவை. 2025ஆம் ஆண்டு கோடையில் கேட்டால், அண்மையில் தாக்கல் செய்த 2024 வரிக் கணக்கை அனுப்பத்தான் யாருக்கும் தோன்றும், தேவைப்படுவதோ 2023. அதற்கு அடுத்தபடியாக, இரண்டாம் பக்கத்தில் கையொப்பம் இல்லாத 1040. வரி மென்பொருளிலிருந்து அச்சிட்ட படியில் கையொப்ப இடம் வெறுமையாகவே இருக்கும். பேனாவால் கையொப்பமிட்டுப் படமெடுத்து அனுப்ப வேண்டும். இந்தத் தொல்லை வேண்டாம் என்றால் ஐ.ஆர்.எஸ். இணையக் கணக்கிலிருந்து வரிக் கணக்கின் டிரான்ஸ்கிரிப்டை (ஐ.ஆர்.எஸ். தன் பதிவிலிருந்து தரும் சுருக்கப் படி) கட்டணமின்றி இறக்கிக் கொடுங்கள். அதற்குக் கையொப்பம் தேவையில்லை. ஒன்று மட்டும் கவனம்: அங்கே பல வகை டிரான்ஸ்கிரிப்ட் இருக்கும். ‘ரிட்டர்ன் டிரான்ஸ்கிரிப்ட்’ கேட்ட இடத்தில் ‘அக்கவுண்ட் டிரான்ஸ்கிரிப்ட்’ போனால் அதுவும் திரும்பி வரும்.

நம்மவர்களின் கோப்புகளில் அடிக்கடி தட்டுப்படும் இன்னொரு முடிச்சு பெயர். கடவுச்சீட்டில் பெயர் முழுவதும் ஒரே கட்டத்தில் இருந்து மற்றது காலியாக இருந்தால், அமெரிக்க விசாவில் முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எஃப்.என்.யு. (‘முதல் பெயர் தெரியவில்லை’ என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று வந்துவிடும். பிறகு ஓட்டுநர் உரிமத்தில் ஒரு விதம், சம்பளச் சீட்டில் ஒரு விதம், தந்தை பெயர் பின்னால் வந்த பிள்ளைகளுக்கு வேறு விதம் என்று ஒரே குடும்பத்தில் பல குடும்பப் பெயர்கள் உருவாகும். ஸ்டூடன்ட்எய்டு கணக்கு தொடங்கும்போது பெயர், பிறந்த தேதி, சோஷியல் செக்யூரிட்டி எண் (அமெரிக்க அரசு தரும் அடையாள எண்) மூன்றும் சோஷியல் செக்யூரிட்டி நிர்வாகத்தின் பதிவோடு ஒப்பிடப்படுகின்றன. கடவுச்சீட்டில் எப்படி இருந்தாலும் சரி, சோஷியல் செக்யூரிட்டி அட்டையில் உள்ள பெயரைத்தான் அங்கே எழுத வேண்டும். பிறந்த தேதியில் மாதம் முன்னால் வரும் என்பதை மறந்து, ஏப்ரல் 7ஐ ஜூலை 4 ஆக்கிய கோப்புகளையும் கண்டிருக்கிறேன். அட்டையிலேயே பிழை என்றால் அதை அந்த நிர்வாகத்தின் அலுவலகத்தில்தான் திருத்த முடியும். கல்லூரி எவ்வளவு நல்ல மனத்தோடு இருந்தாலும் அதைத் தொட முடியாது.

பதிவாளர் பக்கத்தையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். 2024-25 முதல் பெல் மானியம் கிரெடிட் எண்ணிக்கையின் விகிதத்தில் கணக்கிடப்படுகிறது; 12 கிரெடிட் முழு நேரம். பட்டத்துக்குக் கணக்கில் சேராத பாடம் அந்த எண்ணிக்கையில் வராது. 12 கிரெடிட் எடுத்தும் அதில் 3 கிரெடிட் பாடம் ஒன்று பட்டத்துக்கு உரியதல்ல என்று கணினியில் பதிந்திருந்தால் மானியம் 75 விழுக்காடாகும். 2025-26இன் உச்சத் தொகையான 7,395 டாலர் பெறும் மாணவருக்கு ஒரு பருவத்தில் சுமார் 924 டாலர் குறையும். முதன்மைப் பாடத்தை மாற்றிய மாணவரின் பதிவு புதுப்பிக்கப்படாமல் இருப்பது இதற்கு வழக்கமான காரணம். இதை நிதியுதவி அலுவலகத்தில் எவ்வளவு வாதிட்டாலும் பயனில்லை. துறை ஆலோசகரும் பதிவாளரும் திருத்த வேண்டும், அதுவும் அந்தப் பருவத்தின் கணக்கெடுப்புத் தேதிக்கு (மானியத்துக்கான கிரெடிட் எண்ணிக்கையைக் கல்லூரி உறுதிசெய்யும் நாளுக்கு) முன்னால் நடந்தால் நல்லது.

தொலைபேசியில் ஆளுக்கொரு பதில் வருவதற்கு ஒரு சட்டக் காரணமும் இருக்கலாம். கல்விப் பதிவுகளின் தனியுரிமையைக் காக்கும் 1974ஆம் ஆண்டின் ஃபெர்பா சட்டப்படி, கல்லூரியில் சேர்ந்த மாணவரின் கல்விப் பதிவுகள் மீதான உரிமை, வயது எதுவானாலும், மாணவருக்கே போய்விடுகிறது. பெற்றோர் அழைத்தால், மாணவர் எழுத்தில் சம்மதம் தராத வரை, பெரும்பாலும் பொது விதிகளைத்தான் சொல்வார்கள், கோப்பைத் திறந்து பேசமாட்டார்கள். கட்டணம் கட்டுவது நாம், வருமானமும் நம்முடையது, நம்மிடம் பேசமாட்டேன் என்கிறார்களே என்று கோபம் வருவது இயல்புதான். மகளிடம் சொல்லி விடுவிப்புப் படிவத்தில் கையொப்பமிடச் செய்யுங்கள், அல்லது மகளே தம் கல்லூரி மின்னஞ்சலிலிருந்து எழுதட்டும். அதே சட்டம் மாணவருக்கு இரண்டு பிடிகளையும் தருகிறது: தம் பதிவுகளைப் பார்க்கக் கேட்டால் கல்லூரி 45 நாட்களுக்குள் காட்ட வேண்டும், பதிவில் உண்மைக்கு மாறான செய்தி இருந்தால் திருத்தக் கோரலாம், மறுத்தால் விசாரணையும் கேட்கலாம். இது பதிவுப் பிழைகளுக்கு மட்டுமே. உதவித் தொகை போதவில்லை என்ற முடிவை இந்த வழியில் எதிர்க்க முடியாது. வேடிக்கை என்னவென்றால், பெற்றோரின் நிதி ஆவணங்களை மாணவருக்குக் காட்டும்படி இந்தச் சட்டம் கல்லூரியைக் கட்டாயப்படுத்தவில்லை. ஆகவே அவற்றின் படிகளை வீட்டிலேயே பத்திரமாக வைத்திருப்பது நல்லது.

கடிதம் எப்படி எழுதுவது என்று நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் பாதிக் காரியம் அதில்தான் இருக்கிறது. அந்த இருக்கையில் இருப்பவர் ஒரு நாளில் நூற்றுக்கணக்கான செய்திகளைப் பார்க்கிறார். துயரக் கதை நீளும் கடிதத்தை அவர் இரக்கத்தோடு படித்துவிட்டு, என்ன செய்ய வேண்டும் என்று புரியாமல் ஒதுக்கிவைப்பார். பொருள் வரியில் மாணவர் எண்ணும் 2025-26 என்ற கல்வியாண்டும் இருக்கட்டும். உள்ளே ஏறக்குறைய இப்படி எழுதினால் போதும்: ‘என் விண்ணப்பத்தில் தந்தையின் 2023 வரிப் படிவம் 5ஏ வரியிலுள்ள 48,000 டாலர் முழுவதும் ஓய்வூதியக் கணக்கு மாற்றம், ரோல்ஓவர் கட்டம் நிரப்பப்படவில்லை, 1099-ஆர் இணைத்துள்ளேன், திருத்தத்தை நாங்கள் அனுப்பவா, நீங்கள் அனுப்புகிறீர்களா? இந்தத் தேதியில் நான் பதிவேற்றிய வரி ஆவணம் ஏற்கப்படாததன் காரணத்தையும் தெரிவிக்க வேண்டுகிறேன்.’ தொலைபேசியில் பேசினால் அன்றே, பேசியவரின் பெயரையும் அவர் சொன்னதையும் குறிப்பிட்டு, நான் புரிந்துகொண்டது சரிதானா என்று கேட்டு ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள். பின்னால் மேல்முறையீடு என்று வந்தால் இந்தக் கடிதங்களுக்குத்தான் மதிப்பு.

அலுவலர் இறங்கி வந்து சின்னப் பிழைதானே என்று விட்டுவிட முடியாதா என்றால், முடியாது. கைவசமுள்ள விவரங்கள் ஒன்றுக்கொன்று முரண்பட்டால் அதைத் தீர்க்காமல் கூட்டாட்சிப் பணத்தை வழங்கக் கூடாது என்பது கல்லூரி மீதுள்ள கட்டுப்பாடு. உங்களுக்குச் சாதகமான பிழைக்கும் இது பொருந்தும். அதிகமாக வந்த உதவி பின்னால் தணிக்கையில் வெளிப்பட்டு, கட்டணக் கணக்கில் கடனாக ஏறி நிற்பதைவிட இப்போதே சொல்லிவிடுவது மேல். ஆனால் எண்கள் எல்லாம் சரியாக இருந்து நிலைமைதான் மாறிவிட்டது என்றால், உதாரணமாக 2023க்குப் பிறகு வேலை போய்விட்டது, மருத்துவச் செலவு ஏறிவிட்டது என்றால், அதற்குப் பிழைத் திருத்தம் உதவாது. அங்கே ‘தொழில்முறைத் தீர்ப்பு’ என்ற தனி வழி உண்டு. அலுவலர் ஆவணங்களைப் பார்த்துத் தனிப்பட்ட முறையில் எண்களை மாற்றியமைக்கலாம். இத்தகைய கோரிக்கைகளை ஒட்டுமொத்தமாக மறுக்கும் கொள்கையைக் கல்லூரி வைத்திருக்கக் கூடாது என்பது இப்போது சட்டம். எனினும் ஒவ்வொரு கோரிக்கையிலும் கல்லூரியின் முடிவே இறுதி; கல்வித் துறையிடம் அதற்கு மேல்முறையீடு கிடையாது. இரண்டையும் ஒரே கடிதத்தில் கலந்தால் கோப்பு தவறான வரிசைக்குப் போகும் என்பதால் தனித்தனியாக எழுதுங்கள்.

புகாரைப் பற்றிக் கேட்டீர்கள். எழுத்தில் கேட்டு இரண்டு வாரம் பதில் இல்லை என்றால் நிதியுதவி அலுவலகத்தின் உதவி இயக்குநர், பிறகு இயக்குநர், பல்கலைக்கழகத்தில் குறைதீர்ப்பு அலுவலர் இருந்தால் அவர் என்ற வரிசையில் போவது பலன் தரும். ஸ்டூடன்ட்எய்டு இணையதளத்திலும் கல்லூரிக்கு எதிராகப் புகார் பதியலாம், ஆனால் அது உங்கள் கட்டணக் கெடுவுக்குள் முடியும் காரியம் அல்ல. கூட்டாட்சி உதவிக்கான விண்ணப்பத்துக்கு அந்தக் கல்வியாண்டு முடியும் ஜூன் 30 வரை காலம் இருக்கிறது என்பதால் பெல் மானியம் தாமதமாகச் சரியானாலும் அந்த ஆண்டுக்குச் சேர்த்து வர வாய்ப்புண்டு. மாநில உதவிகளும் கல்லூரியின் சொந்த மானியங்களும் அப்படியல்ல, அவற்றின் கெடு பல மாதங்கள் முன்னதாகவே முடிந்துவிடும். அவற்றில் இழந்தது ஏதேனும் உண்டா, திருத்தத்துக்குப் பின் மறுபரிசீலனை செய்வார்களா என்று அதே கடிதத்தில் ஒரு வரி சேர்த்துக் கேளுங்கள். கல்லூரியின் சொந்தப் பணத்தில் அவர்களுக்கு உரிமை அதிகம், உங்களுக்கு வாதம் குறைவு. 2026-27 விண்ணப்பம் 2024 வரிக் கணக்கை எடுத்துக்கொள்ளும் என்பதால், நான் ஊகித்தபடி ரோல்ஓவர்தான் காரணமாக இருந்து, அது முழுவதும் 2023இல் முடிந்திருந்தால், அடுத்த ஆண்டுக் கோப்பில் இந்த 5ஏ வரித் தொல்லை வராது.